சாவித்ரிபாயின் வீடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கிய எழுத்து வடிவம்)



பிள்ளைகளை வளர்த்து, பள்ளியில் பாடம் சொல்லி, ஓய்வுபெற்ற பிறகும் ஊர்க் காரியம் என்றால் முதல் ஆளாகப் போய் நின்ற ஓர் அம்மையாரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். ‘தாய், ஆசிரியர், தொண்டர்’ என்று அழைப்பிதழில் அவரைக் குறித்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒருசேரப் பார்த்ததும் எனக்கு சாவித்ரிபாய் பூலேயின் நினைவு வந்தது. அவரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். இந்த அறக்கட்டளையை நிறுவிய அவர் குடும்பத்தார் மகிழ்ச்சியோடு இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

சாவித்ரிபாய் என்றால் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய முன்னோடி ஆசிரியை என்று நம் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அவர் ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்த தாய், பஞ்சத்திலும் பிளேக்கிலும் தொண்டு செய்தவர் என்பவை பெரும்பாலும் கடைசிப் பத்தியில் சேர்க்கப்படுகின்றன. மூன்று நற்குணங்களைத் தனித்தனியாக எண்ணிச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம்.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான். சாவித்ரிபாயின் ஆசிரியப் பணி, தாய்மை, தொண்டு மூன்றும் ஒரே வேலை. அந்த வேலையின் களம் வீடு.

சாதி எங்கே காப்பாற்றப்படுகிறது என்று கேட்டால் சாத்திரத்தை, கோயிலை, ஊர்ப் பஞ்சாயத்தைக் காட்டுவோம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அன்றாடம் அது காப்பாற்றப்படுவது வீட்டில். நம் வாசல்படியை யார் தாண்டலாம், நம் பானைத் தண்ணீரை யார் மொள்ளலாம், இந்த வீட்டில் யாருடைய பிள்ளை பிறக்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் கொள்ளி வைக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்யப்படும் இடம் அது. இந்த விதிகளுக்குக் காவலாகச் சமூகம் பெண்களைத்தான் நிறுத்தியிருக்கிறது, அதிலும் தாய்மார்களை. அந்தக் காவல் வேலையைச் செய்ய மாட்டேன் என்று வாழ்நாள் முழுக்க மறுத்த ஒரு பெண்ணாக நான் சாவித்ரிபாயைப் பார்க்கிறேன். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இரண்டு வீடுகளின் எதிர்ப்பு

1831 ஜனவரி 3 அன்று சதாரா மாவட்டத்து நாய்காவில் பிறந்தவர் சாவித்ரிபாய். 1840இல், ஒன்பது வயதில், பதின்மூன்று வயது ஜோதிராவுக்கு மணம் செய்து வைத்தார்கள். தோட்டம் போட்டுப் பூ விற்கும் மாலி சாதிக் குடும்பம். மணமான பிறகுதான் அவர் எழுத்துக் கற்றார். கணவர் வீட்டில் கற்றுக்கொடுத்தார். பிறகு அகமத்நகரில் அமெரிக்க மிஷனரி சிந்தியா ஃபாரர் நடத்திய நிலையத்திலும் புனேயிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1848இல் புனேயில் பிடேவாடா என்ற கட்டடத்தில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியது. அங்கே பாடம் சொன்னபோது அவருக்கு வயது பதினேழு.

தெருவில் அவர்மீது சாணியும் சேறும் கல்லும் வீசப்பட்டதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பள்ளிக்குப் போனதும் உடுத்திக்கொள்ள இன்னொரு சேலையைக் கையோடு கொண்டுபோனார் என்பதும் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. தெரு எதிர்த்ததை நாம் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு வீடு எதிர்த்ததை வைத்திருக்கவில்லை. ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சி, மாமனார் கோவிந்தராவ் 1849இல் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். பள்ளியை விட்டுவிட்டால் வீட்டில் இருக்கலாம், பள்ளிதான் வேண்டுமென்றால் போகலாம் என்ற நிலை. இருவரும் போனார்கள். நண்பர் உஸ்மான் ஷேக் தம் வீட்டில் இடம் கொடுத்தார். அங்கே சாவித்ரிபாய்க்குத் தோழியாகவும் பள்ளிப் பணியில் துணையாகவும் கிடைத்தவர் ஃபாத்திமா ஷேக்.

தாய்வீடும் எளிதாக விட்டுவிடவில்லை. சாவித்ரிபாய் கணவருக்கு எழுதிய கடிதங்களில் மூன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. முதல் கடிதம் 1856 அக்டோபர் 10 தேதியிட்டது. உடல்நலம் குன்றி நாய்காவில் படுத்திருந்தபோது எழுதியது. தம்மைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்ட அதே சகோதரர், ‘நீங்கள் இருவரும் தாழ்ந்த சாதியாருக்கு உதவி செய்து சாதியிலிருந்து விலக்கப்பட்டவர்கள், குலவழக்கப்படி நடந்துகொள்ளுங்கள்’ என்ற பொருளில் தம்மிடம் வாதிட்டதை அதில் விவரிக்கிறார். சாவித்ரிபாய் படுக்கையில் இருந்தபடியே பதில் சொல்கிறார். ஆட்டையும் மாட்டையும் தடவிக்கொடுக்கிறாய், நாகபஞ்சமி அன்று பாம்புக்குப் பால் வார்க்கிறாய், மனிதரான மஹார், மாங் சாதியாரை மட்டும் தொட மறுக்கிறாயே, ஏன் என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டிருந்த தாயின் மனம் இளகியதையும் எழுதுகிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தி உண்டு. தாம் இல்லாததால் ஃபாத்திமாவுக்கு வேலை கூடியிருக்குமே என்று கவலைப்படுகிறார். ஆனாலும் ஃபாத்திமா புரிந்துகொள்வார், முணுமுணுக்க மாட்டார் என்று நம்பிக்கையோடு சொல்கிறார். ரத்த உறவு விலக்கிய இடத்தில் இப்படி ஓர் உறவு உருவாகியிருந்தது. உடம்பு தேறாத நிலையிலும் அவர் கவலைப்பட்டது அந்த உறவுக்காக, அந்தப் பள்ளிக்காக. ஒரே நோய்ப்படுக்கையிலிருந்து அவர் சகோதரரோடு வாதாடவும் செய்கிறார், வகுப்பை நினைத்துக் கவலைப்படவும் செய்கிறார். அவருக்குள் இரண்டும் பிரிந்து கிடக்கவில்லை.

2. மாணவி எழுதியது

ஓர் ஆசிரியரை அளக்க அவருடைய மாணவரைப் பார்க்க வேண்டும். பூலே தம்பதியின் பள்ளியில் படித்த முக்தா சால்வே மாங் சாதியில் பிறந்தவர். 1855இல், பதினான்கு வயதில், மாங்குகள், மஹார்கள் ஆகியோரின் துயரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மிஷனரிகள் நடத்திய ‘ஞானோதயா’ இதழில் அது வெளிவந்தது.

அந்தக் கட்டுரையின் துணிச்சல் வியப்பூட்டுவது. வேதம் பிராமணருக்கு மட்டும் உரியது என்றால் எங்களுக்கு நூல் இல்லை, அப்படியானால் எங்கள் மதம் எது என்று கடவுளையே கேட்கிறார். நிலத்திலிருந்து துரத்தப்பட்டதை, கட்டடங்களின் அடித்தளத்தில் தம் மக்கள் புதைக்கப்பட்டதைச் சொல்கிறார். அதைப் படிக்கும் பலரும் மதம் பற்றிய அந்த வாதத்தில் நின்றுவிடுகிறார்கள். என்னை நிறுத்திய இடம் வேறு. எங்கள் பெண்கள் பிள்ளை பெறும்போது தலைக்குமேல் கூரைகூட இல்லை, மழையிலும் குளிரிலும் அவர்கள் படும் பாட்டைத் தங்கள் சொந்த அனுபவத்தை வைத்து எண்ணிப்பாருங்கள் என்று படித்தவர்களிடம் அந்தப் பெண் கேட்கிறார்.

பதினான்கு வயது மாணவிக்குக் கூரையில்லாத பிரசவம் ஒரு சமூகக் கேள்வியாகத் தெரிந்திருக்கிறது. அது பெண்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் சங்கதி. அதை அச்சில் ஏற்றிப் பொதுவில் கேட்கலாம் என்ற தெளிவு எங்கிருந்து வந்தது? எழுத்தும் கணக்கும் மட்டும் சொல்லித்தந்த வகுப்பில் அது கிடைத்திருக்காது. வீட்டுக்குள் நடப்பதையும் நியாய அநியாயத்தின் கண்கொண்டு பார்க்கப் பழக்கிய வகுப்பு அது. முந்தைய ஆண்டு, 1854இல், சாவித்ரிபாயின் ‘காவிய பூலே’ கவிதைத் தொகுப்பு வெளிவந்திருந்தது. ஆசிரியர் புத்தகம் எழுதுகிறார், மாணவி கட்டுரை எழுதுகிறார். ஏழே ஆண்டுகளில் அந்தப் பள்ளி வந்து சேர்ந்த இடம் இது.

3. பிரசவ அறை

அடுத்த கட்டம் 1863. அக்காலத்து உயர்சாதி வீடுகளில் குழந்தை மணம் வழக்கம், விதவை மறுமணம் விலக்கு. 1856இலேயே மறுமணச் சட்டம் வந்துவிட்டது என்றாலும் வீடுகள் அதை ஏற்கவில்லை. இளம் விதவைகள் உறவினராலோ அண்டை அயலாராலோ ஏமாற்றப்பட்டோ வற்புறுத்தப்பட்டோ கருவுறுவார்கள். குற்றம் செய்த ஆண் வீட்டிலேயே இருப்பான். அந்தப் பெண்ணுக்குக் கிணறு அல்லது காசி. குழந்தைக்கு அதுவும் இல்லை. புனேயில் அப்படிப்பட்ட ஓர் இளம் பிராமண விதவை தன் குழந்தையைக் கொன்றுவிட்டாள். நீதிமன்றம் அவளை அந்தமானுக்கு அனுப்பியது.

அதைக் கண்டு மனம் பொறுக்காமல் பூலே தம்பதி தங்கள் வீட்டிலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தைத் தொடங்கினார்கள். கருவுற்ற விதவைகள் யாருக்கும் தெரியாமல் இங்கு வந்து பிள்ளை பெறலாம், குழந்தையைக் கொண்டுபோகலாம் அல்லது விட்டுப்போகலாம் என்று நகரில் அறிவிப்பு ஒட்டினார்கள். 1884இல் ஜோதிராவ் அரசுக்கு எழுதிய கடிதத்தின்படி, அதுவரை 35 விதவைகள் அங்கு வந்திருந்தார்கள்.

இதில் வீட்டுத்தலைவியின் பங்கு என்ன என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அறிவிப்பை யாரும் எழுதி ஒட்டலாம். ஆனால் அகால நேரத்தில் கதவு தட்டப்படும்போது எழுந்துபோய்த் திறக்க வேண்டும். வலி கண்டவளுக்கு வெந்நீர் வைக்க வேண்டும். தொப்புள்கொடி அறுக்க வேண்டும். பத்தியச் சாப்பாடு சமைக்க வேண்டும். அழுகிறவள் பக்கத்தில் உட்கார வேண்டும். நம் சமூகத்தில் இவை பெண்ணின் வேலைகள். தாய்வீட்டில் மகளுக்குச் செய்வதை சாவித்ரிபாய் முன்பின் தெரியாத பெண்களுக்குச் செய்தார்.

யாருக்குச் செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பிராமணப் பெண்களுக்கு. அவர்மீது சாணி எறிந்த வீதிகளின் வீடுகளிலிருந்தும் அந்தப் பெண்கள் வந்திருக்கலாம். முக்தா சால்வே கூரையில்லாத பிரசவம் பற்றி எழுதி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மாணவியின் சேரிப் பெண்ணுக்குக் கூரை இல்லை. இந்த விதவைக்குக் கூரை இருந்தது, ஆனால் அந்தக் கூரையின் கீழ் அவள் பிள்ளை பெறக்கூடாது. இரண்டு துயரங்களும் ஒரே ஒழுங்கிலிருந்து வந்தவை என்பது சாவித்ரிபாய்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். வீட்டின் தூய்மையைக் காக்கவே முதலாமவள் வெளியே நிறுத்தப்பட்டாள். அதே தூய்மையின் பெயரால் இரண்டாமவள் வெளியே தள்ளப்பட்டாள்.

அப்படி வந்த ஒரு பிராமண விதவையின் மகனைத்தான் 1874இல் தம்பதியர் தத்தெடுத்தார்கள். யஷ்வந்த் என்று பெயரிட்டார்கள். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளையில்லாத மனைவி என்றால் கணவனுக்கு இன்னொரு பெண் பார்ப்பார்கள். இங்கே அது நடக்கவில்லை. சொத்தையும் குலப்பெயரையும் காக்கப் பங்காளி வீட்டுப் பிள்ளையைத் தத்தெடுப்பார்கள். அதுவும் நடக்கவில்லை. ஊர் சாகவிட்டிருக்கும் ஒரு குழந்தையை மகனாக வளர்த்து மருத்துவராக்கினார்கள்.

4. தண்ணீரும் சோறும்

1868இல் பூலே தம்பதி தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர் எனப்பட்டோருக்குத் திறந்துவிட்டார்கள். பொதுக்கிணற்றில் உரிமை கேட்பது ஒரு போராட்டம். சொந்த வீட்டுத் தண்ணீரைத் திறப்பது வேறு வகை. அதன்பிறகு அந்த வீட்டில் சொந்தக்காரர் எவரும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள். அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சாவித்ரிபாய் நாய்காவிலிருந்து எழுதியது இரண்டாம் கடிதம். பஞ்சாங்கம் பார்த்துப் பிழைத்த கணேஷ் என்ற பிராமண இளைஞனும் சார்ஜா என்ற மஹார் பெண்ணும் விரும்பினார்கள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. இருவரையும் ஊரார் அடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள், கொல்லப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு சாவித்ரிபாய் ஓடுகிறார். ஆங்கிலேயச் சட்டத்தில் கொலைக்கு என்ன தண்டனை என்று சொல்லிக் கூட்டத்தைத் தடுக்கிறார். அவர்கள் ஊரைவிட்டுப் போனால் போதும் என்று கூட்டம் இறங்கி வருகிறது. இருவரையும் அவர் ஜோதிராவிடம் அனுப்பி வைக்கிறார். எங்கே அனுப்ப முடியும்? அந்தக் கர்ப்பிணிக்குக் கதவு திறக்கக்கூடிய வீடு அவருடையதுதான். இன்று நாம் ஆணவக்கொலை என்று அழைக்கும் கொடுமையை 1868இல் நேருக்கு நேர் நின்று தடுத்தவர் அவர். தமிழ்நாட்டில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது அது பழைய ஆவணமாகத் தோன்றவில்லை என்பதை வேதனையோடு சொல்கிறேன்.

1876இல் மழை பொய்த்துத் தக்காணம் பஞ்சத்தில் விழுந்தது. அதே பஞ்சம்தான் நம் ஊர்களில் தாது வருஷப் பஞ்சமாக நினைக்கப்படுகிறது. 1877 ஏப்ரல் 20 தேதியிட்ட மூன்றாம் கடிதம் ஜுன்னர் வட்டத்து ஓதூரிலிருந்து எழுதப்பட்டது. மாடுகள் மடிவதையும், மக்கள் ஊரைவிட்டுப் போவதையும், இலைதழையைத் தின்று உயிர் பிடித்திருப்பதையும், பஞ்ச காலத்திலும் வட்டிக்காரர்கள் சுரண்டுவதையும் அதில் சொல்கிறார். பூலே தம்பதி பங்குகொண்ட சத்தியசோதக சமாஜம் என்ற சீர்திருத்த அமைப்பிலிருந்து தொண்டு செய்யப்போனவர்களைக் கலெக்டர் பிடித்துவைத்தபோது நேரில் சென்று வாதாடி விடுவித்த செய்தியும் இருக்கிறது. அந்தப் பஞ்சத்தில் ஆதரவற்றுப் போன பிள்ளைகளுக்காகப் புனே அருகே தனக்வாடியில் சத்தியசோதகர்கள் அன்ன நிலையம் நடத்தினார்கள். சாவித்ரிபாயும் அவருடைய தோழியரும் அந்தப் பிள்ளைகளுக்கு உணவிடும் பணியில் நின்றார்கள். ஒரே பந்தியில் எல்லாச் சாதிப் பிள்ளையும் உண்ட சோறு அது.

5. மணவறை

அந்தச் சத்தியசோதக சமாஜம் பஞ்சத்துக்கு முன்பே, 1873 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று புரோகிதர் இல்லாமல் முதல் சத்தியசோதகத் திருமணம் நடந்தது. மணமகள் சாவித்ரிபாயின் தோழி ஒருவரின் மகள். மணமக்கள் ஒருவருக்கொருவர் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்ளும் எளிய முறை. பெண்ணின் உரிமைகளை ஏற்பதாக மாப்பிள்ளை அதில் உறுதி சொல்ல வேண்டும். நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1920களின் இறுதியிலிருந்து சுயமரியாதைத் திருமணங்களைக் கண்ட மண் இது. 1967இல் அண்ணாவின் அரசு அவற்றுக்குச் சட்ட ஏற்பு தந்தது.

பொதுக்கொள்கைக்குச் சொந்த வீட்டில் சோதனை வந்தது மகனுக்குப் பெண் பார்த்தபோது. விதவைக்குப் பிறந்த பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஹடப்சரைச் சேர்ந்த சத்தியசோதகர் ஞானோபா சாசனே தம் மகளைக் கொடுத்தார். 1889 பிப்ரவரி 4 அன்று சாதி மறுப்புத் திருமணமாக அது நடந்தது. மணத்துக்கு முன்பே அந்தப் பெண்ணைத் தம் வீட்டில் வந்து தங்கச் செய்து, மகனும் அவளும் பழகிப் புரிந்துகொள்ள சாவித்ரிபாய் வழிசெய்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவளுடைய படிப்பு தடைபடாமலிருக்க வீட்டு வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள்.

நம் நாட்டு மாமியார் மருமகள் கதைகளின் நடுவே இந்தக் காட்சியை வைத்துப் பாருங்கள். வீட்டில் வந்து தங்கியிருக்கும் பெண் புத்தகம் படிக்கிறாள். மாமியாராகப் போகிறவர் பாத்திரம் துலக்குகிறார். ஒன்பது வயதில் மணமாகி வந்து, பிறகு எழுத்துக் கற்றவர் அவர். தமக்குக் கிடைத்ததைவிட ஒருபடி கூடுதலாக அடுத்த பெண்ணுக்குக் கொடுத்தார். இதைத் தாய்மை என்பதா, ஆசிரியப் பணி என்பதா? பிரித்துச் சொல்ல வழியில்லை என்பதே என் கட்சி.

6. கொள்ளிச்சட்டி

1890 நவம்பர் 28 அன்று ஜோதிராவ் இறந்தார். இறுதி ஊர்வலம் புறப்படும்போது யார் கொள்ளிச்சட்டி ஏந்துவது என்று தகராறு எழுந்தது. தத்துப் பிள்ளைக்கு, அதிலும் இப்படிப் பிறந்த பிள்ளைக்கு, அந்த உரிமை கிடையாது என்று பங்காளி முறையினர் வாதிட்டார்கள்.

அந்தச் சண்டையில் சாவித்ரிபாய் முன்வந்து சட்டியைத் தம் கையில் வாங்கினார். ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார். சிதைக்கு அவரே தீ வைத்தார்.

இந்துக் குடும்பத்தில் ஆண்பிள்ளை ஏன் வேண்டும் என்று கேட்டால் இன்றும் சொல்லப்படும் காரணம் கொள்ளி. சொத்துரிமையும் குலத் தொடர்ச்சியும் அந்தச் சட்டியோடு கட்டப்பட்டிருக்கின்றன. கணவனை இழந்த பெண் அந்த நேரத்தில் மூலையில் உட்கார வேண்டியவள். அவள் தாலியை அறுக்கவும் தலையை மழிக்கவும் மற்றவர்கள் காத்திருப்பார்கள். மகனின் உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் தாய் அந்த உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டார். துக்கம் தொண்டையை அடைக்கும் நேரத்தில் இப்படி ஒரு முடிவெடுக்க ஒரு நாள் துணிச்சல் போதாது. நாற்பது ஆண்டுகள் வீட்டின் ஒவ்வொரு விதியையும் எதிர்த்து வாழ்ந்த பழக்கம் அவருக்கு இருந்தது. அதன்பின் சத்தியசோதக சமாஜத்தின் பணிகளையும் முன்னின்று நடத்தினார். 1893இல் சாஸ்வடில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

7. கடைசிச் சுமை

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் புனேக்கும் பரவியது. 1897 பிப்ரவரியில் அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2020இல் கொரோனாவின்போது நாம் மீண்டும் சந்தித்த அதே சட்டம். பிளேக் அதிகாரி ரேண்ட் தலைமையில் படைவீரர்கள் வீடுவீடாக நுழைந்து சோதனையிட்டதும், நகரம் கொதித்ததும், ஜூன் மாதம் சபேகர் சகோதரர்கள் ரேண்டைச் சுட்டதும் வரலாற்றில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. வீட்டின் மானம் போகிறது என்று எழுந்த கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் கூரையே சரியாக இல்லாத சேரியில் நோயாளியைத் தூக்க ஆள் இல்லை என்ற செய்தி அந்தப் பெரிய எழுத்தில் இல்லை.

சாவித்ரிபாய்க்கு அப்போது வயது 66. மருத்துவரான மகன் யஷ்வந்தோடு சேர்ந்து, புனேக்கு வெளியே ஹடப்சர் பக்கம் நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் நடத்தினார். முண்ட்வா மஹார் குடியிருப்பில் கெய்க்வாட் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்குப் பிளேக் கண்டது. சாவித்ரிபாய் அங்கே சென்று அவனைத் தம் முதுகில் சுமந்து சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுவந்தார். நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10 இரவு அவர் இறந்தார்.

தீண்டத்தகாத குடியிருப்பு, எல்லோரும் அஞ்சிய தொற்றுநோய், வேறு ஒருத்தி பெற்ற பிள்ளை. மூன்று தடைகளும் அந்தச் சிறுவனின் உடம்பில் ஒன்றாக இருந்தன. தொடக்கூடாது என்று சமூகம் சொன்னதை நாற்பத்தொன்பது ஆண்டுகளாகத் தொட்டு வந்தவருக்கு, அந்த மார்ச் மாதத்தில் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு ஒன்றும் இல்லை. இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லி வணங்கிவிட்டால் அதற்கு முன்னிருந்த வாழ்க்கையை மறந்தவர்கள் ஆவோம். அவர் அன்று செய்தது அவருடைய வழக்கமான வேலை. வந்து தாக்கிய நோய்தான் புதிது.

8. நினைவுகூர்தல் பற்றி

அன்பர்களே, சாவித்ரிபாய்க்கு அஞ்சல்தலை வந்தது 1998இல். புனே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் 2014இல் சூட்டப்பட்டது. சிதைந்து கிடந்த பிடேவாடா நீண்ட வழக்குக்குப் பிறகு 2023இல் இடிக்கப்பட்டு, நினைவிடத்துக்கு வழிவிட்டது. எல்லாம் நல்ல செய்திகளே. ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

பள்ளி நடந்த கட்டடத்துக்கு நினைவிடம் வருகிறது. முப்பத்தைந்து பெண்களுக்குக் கதவு திறந்தவருடைய வீட்டு வேலைக்கு என்ன நினைவிடம்? வெந்நீர் வைத்ததை, பந்தி பரிமாறியதை, மருமகள் படிக்கப் பாத்திரம் துலக்கியதை எந்தக் கல்வெட்டில் பொறிப்பது? நம் பெண்களின் வாழ்க்கை வரலாறுகள் இங்கேதான் குறைப்பட்டு நிற்கின்றன. வெளியே செய்த வேலை சாதனைப் பட்டியலில் ஏறுகிறது. வீட்டில் செய்தது அன்பு, பாசம், பொறுமை என்ற பொதுச் சொற்களில் கரைந்துவிடுகிறது. எந்த அம்மாவைப் பற்றியும் சொல்லக்கூடிய சொற்கள் அவை. அதனாலேயே எந்த ஓர் அம்மாவையும் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

இதில் ஜோதிராவின் பங்கைக் குறைக்கிறேனோ என்று சிலர் நினைக்கலாம். இல்லை. மேலே சொன்ன முடிவுகள் பெரும்பாலும் இருவரும் சேர்ந்து எடுத்தவை. மனைவிக்கு எழுத்தறிவித்து, அவரைச் சமமாக நடத்திய கணவர் அவர். ஆனால் கொள்கையை இருவர் முடிவு செய்தாலும், வீட்டில் அதை நாள்தோறும் நடத்திக்காட்டும் உழைப்பு ஒருவர் தலையில் கூடுதலாக விழுகிறது. அந்த உழைப்புக்கும் கொள்கையின் மதிப்பைத் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆகவே இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவிடம் படித்தவர்களைத் தேடிப்பிடித்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வகுப்பில் என்ன கற்றார்கள் என்பதோடு நிறுத்த வேண்டாம். அவருடைய வீட்டுக்கு வந்தவர்கள் யார், எங்கே உட்கார்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்த நெருக்கடியில் வந்து கதவைத் தட்டினார்கள் என்று கேளுங்கள். வீட்டில் சமைத்தவர், பெருக்கியவர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரிடமும் கேளுங்கள். அந்தப் பதிவு இந்த அறக்கட்டளை வெளியிடும் முதல் நூலாக வரட்டும்.

மாணவ மாணவியரிடமும் ஒன்று கேட்கிறேன். சாவித்ரிபாயின் பிறந்தநாளுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள், நீங்களும் எழுதுகிறீர்கள். எழுதும் முன் உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். வேலைக்கு வருபவருக்கு எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுக்கிறோம்? உங்கள் நண்பர்களில் யார் கூடத்தோடு நின்றுவிடுகிறார், யார் அடுப்படி வரை வருகிறார்? அக்காவோ அண்ணனோ வேறு சாதியில் ஒருவரை விரும்பினால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? தாத்தா இறந்தால் பாட்டியை எங்கே உட்கார வைப்போம்? நேர்மையாக விடை எழுதினால் அந்தக் கட்டுரைக்குப் பரிசு கிடைக்காமல் போகலாம். ஆனால் அதை வீட்டில் படித்துக்காட்டுங்கள். நாய்காவில் நோய்ப்படுக்கையில் கிடந்த பெண் தன் சகோதரரிடம் செய்தது அதைத்தான்.